கிழக்கேகோட்டைக் காற்றும் முதல் சுருட்டுப் பெட்டியும்

சுருட்டுச் சேமிப்புக் குறித்த வழிகாட்டிகளில் பெரும்பாலானவை, முதல் ஹியூமிடாரை வாங்கியவருக்கு ஒரே கட்டளையைத்தான் முதலில் இடுகின்றன: பெட்டியின் உட்புற மரத்தைக் காய்ச்சி வடித்த நீரால் துடைக்க வேண்டும், நீரில் தோய்த்த பஞ்சை உள்ளே வைத்து மூட வேண்டும், மரம் போதிய அளவு ஈரத்தை உட்கொண்ட பின்னரே சுருட்டுகளை அடுக்க வேண்டும். இக்கட்டளை குளிர்கால லண்டனுக்குப் பொருந்தும். கோடைக்கால டெல்லிக்கும் பொருந்தும். திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில், இடவப்பாதி மழை தொடங்கிய ஒரு வாரத்தில், இதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுபவருக்குக் கிடைப்பது பூஞ்சை படர்ந்த சுருட்டுகளே.

குற்றம் வழிகாட்டியுடையது என்று சொல்வது எளிது. உண்மையில் அது தான் எழுதப்பட்ட நிலத்துக்கு முற்றிலும் சரியான அறிவுரையையே தருகிறது. அந்த நிலம் எது என்பதை அது சொல்வதில்லை, வாசிப்பவரும் கேட்பதில்லை. முதல் ஹியூமிடாரைத் தேர்வது குறித்த விவாதம் மரம், மெருகு, பூட்டு, விலை என்று சுற்றிச் சுற்றி வருகிறது. பெட்டி வைக்கப்படவிருக்கும் அறையின் காற்று எத்தகையது என்னும் கேள்வியே அவ்விவாதத்தின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இக்கேள்வி சுருட்டோடு முடிந்துவிடுவதுமில்லை.

ஹியூமிடார் எதற்காகத் தோன்றியது என்பதை நினைவுகூர்ந்தால் இது தெளிவாகும். கியூபாவின் ஈரக் காற்றில் விளைந்து, உலர்ந்து, பதப்பட்டு, சுருட்டப்பட்ட புகையிலை கப்பலேறி ஐரோப்பாவை அடைகிறது. அங்கே குளிர்காலத்தில் வெளியே வெப்பநிலை 0 பாகை செல்சியஸ். ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு என்று கொள்வோம். அக்காற்றின் ஒரு கனமீட்டரில் இருக்கும் நீராவி ஏறத்தாழ 4 கிராம்தான். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 பாகைக்குச் சூடேறும்போது, அது 17 கிராமுக்கு மேல் ஏந்தக்கூடியதாகிவிடுகிறது. ஆகவே ஒப்பு ஈரப்பதம் 20 விழுக்காட்டை ஒட்டி வீழ்கிறது. அந்த அறையில் திறந்து வைத்த சுருட்டின் மேலிலை சில நாள்களிலேயே வெடிக்கும், புகை காரமேறும். இதைத் தடுக்கவே மரப்பெட்டிக்குள் ஒரு சிறு கரீபியக் காலநிலை உருவாக்கப்பட்டது. ஹியூமிடார் என்னும் பெயரே ஈரமூட்டுவதைக் குறிக்கிறது. அதன் உள்ளமைப்பு முழுவதும், வெளியே வறட்சி நிலவுகிறது என்னும் அனுமானத்தின் மேல் எழுப்பப்பட்டது.

கிழக்கேகோட்டையில் அந்த அனுமானம் நிற்பதில்லை. கடல் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை என ஆண்டில் இரு மழைக்காலங்கள். ஆண்டின் பெரும்பகுதியில் காலை நேர ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். சனவரி, பிப்ரவரி நண்பகல்களில் மட்டும் அது கணிசமாக இறங்கும். வெப்பநிலை பெரும்பாலும் 23 பாகைக்கும் 33 பாகைக்கும் இடையே ஊசலாடும். சுருட்டுக்கு ஏற்றதாகப் பொதுவாகக் கருதப்படுவது 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் 18 முதல் 21 பாகை வெப்பமும் ஆகும். எனவே இங்கு வெளிக்காற்று பெரும்பாலான நாள்களில் இலக்கைத் தாண்டியே நிற்கிறது. பெட்டி செய்ய வேண்டிய வேலை ஈரத்தை வெளியே நிறுத்துவது, மிஞ்சியதை உறிஞ்சுவது. பெயரால் ஈரமூட்டி, பணியால் ஈரம் காக்கும் அரண்.

புகையிலையை ஈரக்கரையில் சேமிக்கும் சிக்கல் இந்நகருக்குப் புதிதும் அன்று. யாழ்ப்பாணப் புகையிலையின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்றாகத் திருவிதாங்கூர் நீண்டகாலம் விளங்கியது. கடல்வழி வந்த புகையிலை அரசின் ஏகபோக வணிகமாக, பண்டகசாலைகளின் வழியே விற்கப்பட்டது; அரசின் வருவாயில் அதற்குப் பெரும்பங்கு இருந்தது. திவான் மாதவராவின் காலத்தில், 1860களில் அந்த ஏகபோகம் நீக்கப்பட்டது. அப்புகையிலை பெரிதும் மெல்லுவதற்கானது. அதன் பதம் வேறு, சுருட்டின் பதம் வேறு. எனினும் ஓர் உண்மை இரண்டுக்கும் பொது. இலை எப்போதும் தன்னைச் சூழ்ந்த காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். எந்த வணிகனும் அந்தப் பரிமாற்றத்தை நிறுத்தியதில்லை.

திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் வரலாறும் இங்கே எண்ணத்தக்கது. ஆங்கிலத்தின் ‘செரூட்’ என்னும் சொல் தமிழின் ‘சுருட்டு’ என்பதிலிருந்து பிறந்தது. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலில், துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே திருச்சிராப்பள்ளிச் சுருட்டை இனங்காணும் அளவுக்கு அது உலகறிந்த பண்டமாக இருந்தது. உறையூரில் சுருட்டப்பட்ட அந்தச் சுருட்டு உள்ளூரில் கட்டுக்கட்டாக விற்கப்பட்டது. வாங்கியவர் விரைவில் புகைத்து முடித்தார். ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைத்து முதிரவிடும் பழக்கம் அதற்கு அமையவில்லை. ஈரநிலத்தில் வாழ்பவர் கற்றுக்கொள்ளத்தக்க முதல் சேமிப்பு முறை இதுவே: சேமிக்க வேண்டிய தேவையைக் குறைப்பது. மாதம் இரண்டு சுருட்டுப் புகைப்பவருக்கு நூறு சுருட்டுப் பெட்டி தேவையில்லை.

சேமிக்கத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர் முதலில் வாங்க வேண்டியது பெட்டியை அன்று, ஈரமானியை. எண்முகப்பு கொண்ட சிறு மின்னணு ஈரமானி போதும். அழகுக்காகப் பெட்டியின் மூடியில் பதிக்கப்படும் முள் ஈரமானிகள் பெரும்பாலும் நம்பத்தக்கவை அல்ல. வாங்கிய ஈரமானியையும் சோதித்தே பயன்படுத்த வேண்டும். சோதனைக்கு ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு புட்டி மூடியில் உப்பை இட்டு, ஈரமணல் போலாகும்வரை சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். ஈரமானி 71 காட்டினால் அது 4 குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். இச்சோதனைக்குச் சுத்திகரித்த தூள் உப்பே ஏற்றது. கல்லுப்பில் மக்னீசிய உப்புகள் கலந்திருப்பதால் ஈரப்பதம் 75க்குக் கீழே விலகக்கூடும். சோதித்த ஈரமானியை, பெட்டி வைக்கக் கருதிய இடத்தில் ஒரு வாரம் வைத்து, காலை, நண்பகல், இரவு என மூன்று வேளை குறித்துக்கொண்டால், எந்த வழிகாட்டியும் தர இயலாத ஓர் அட்டவணை கையில் இருக்கும்.

அந்த அட்டவணை பெரும்பாலும் ஒரு வியப்பைத் தரும். நகர வீடுகள் பலவற்றில் இரவில் மட்டும் குளிர்சாதனம் ஓடுகிறது. அது ஓடும்போது காற்று உலர்கிறது. நின்றதும் வெளிக்காற்று புகுந்து மீண்டும் நனைகிறது. ஒரே அறையில் ஒரே நாளில் இரண்டு காலநிலைகள். 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்றின் ஒரு கனமீட்டரில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி உண்டு. 24 பாகையில் காற்று ஏந்தக்கூடியதோ 22 கிராமுக்கும் குறைவு. சிறிய பெட்டியில் ஒருமுறை அடைபட்ட காற்றிலுள்ள நீர் அற்பம், அதனால் கேடில்லை. கேடு விளைவது பெட்டி கசிவதால். வெப்பம் ஏறி இறங்குந்தோறும் கசியும் பெட்டி மூச்சு விடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் புதிய நீராவி உள்ளே வருகிறது. மரமும் இலையும் அதைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கின்றன.

ஆகவே பெட்டியைத் தேர்வதில் முதல் அளவுகோல் மூடியின் இறுக்கம். எரியும் கைவிளக்கை உள்ளே வைத்து மூடி, அறையை இருட்டாக்கிப் பார்த்தால், ஒளி கசியும் இடம் காற்றும் கசியும் இடம் என்று தெரியும். மேற்புறம் கண்ணாடி பதித்த மலிவான பெட்டிகளில் இக்குறை அதிகம். ஸ்பானிஷ் சீடர் என்று வணிகர் அழைக்கும் உட்பலகை ஸ்பெயினைச் சேர்ந்ததும் அன்று, தேவதாரு இனமும் அன்று. அது அமெரிக்க வெப்பமண்டலத்தின் செட்ரெலா மரம். வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மலைகளில் வளரும் சந்தனவேம்பு அதற்கு நெருங்கிய உறவு. முற்காலத் தாவரவியலார் அதையும் செட்ரெலா என்றே பெயரிட்டிருந்தனர். இம்மரம் ஈரத்தை வாங்கிக் கொடுப்பதில் நிதானமானது, மணமுடையது, இவை நற்குணங்களே. ஆயினும் கசியும் மூடியை எந்த மரமும் ஈடு செய்யாது. கிழக்கேகோட்டையில் முதல் பெட்டி வாங்குபவருக்கு, ரப்பர் வளையம் பொருத்திய, உணவு வைக்கத்தக்க காற்றுப்புகா நெகிழிப் பெட்டியும் அதனுள் இரண்டு செட்ரெலாத் தகடுகளும் போதும் என்று துணிந்து கூறலாம். மெருகேற்றிய மரப்பெட்டி மேசைக்கு அழகு; நெகிழிப் பெட்டி சுருட்டுக்குக் காவல்.

பெட்டியின் அளவு குறித்தும் ஒரு சொல். ஐம்பது சுருட்டுக் கொள்ளும் என்று குறிக்கப்பட்ட பெட்டி மெல்லிய சுருட்டுகளை நெருக்கி அடுக்கினால்தான் அந்தக் கணக்கை எட்டும். எனவே சற்றுப் பெரிதாகவே வாங்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஈரநிலத்தில் இதையும் திருத்திக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் ஈரத்தின் பெருங்கிடங்கு காற்றன்று, புகையிலையே. நிறைந்த பெட்டியில் புகையிலை ஈரப்பதத்தை நிலைநிறுத்துகிறது. பாதிக்கு மேல் வெறுமையான பெட்டியில் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் அறைக்காற்று ஆட்சிக்கு வருகிறது. மூன்றில் இரண்டு பங்காவது நிறையும் அளவே தக்க அளவு.

ஈரத்தைக் கட்டுப்படுத்த நீர்ப்பஞ்சு இங்கு வேண்டவே வேண்டாம். அதனால் கொடுக்க மட்டுமே முடியும். உப்புக் கரைசல் அடைத்த இருவழி உறைகள் தேவைக்கேற்ப ஈரத்தைக் கொடுக்கவும் வாங்கவும் வல்லவை. 62, 65, 69, 72 என்னும் குறிகளோடு அவை விற்கப்படுகின்றன. மேலைநாட்டு வழிகாட்டிகள் 69 அல்லது 72 என்று பரிந்துரைப்பது கசியும் மரப்பெட்டியையும் வறண்ட அறையையும் மனத்தில் கொண்டு. நெகிழிப் பெட்டிக்கும் இந்தக் காற்றுக்கும் 65 போதும். மழைக்காலத்தில் 62 இன்னும் பாதுகாப்பானது. உறை ஈரத்தை வாங்கி வாங்கி உப்பிப் போயிருந்தால் அதன் உறிஞ்சும் திறன் தீர்ந்துவருகிறது என்று கொள்ள வேண்டும். சிலிக்கா ஜெல்லை அளவின்றி இடுவதும் தவறு; அது குறித்த எல்லையில் நிற்காது, இலையை உலர்த்திக்கொண்டே போகும். புதிய மரப்பெட்டியை வாங்கியவர் நனைப்பதற்கு மாறாக, இரண்டு வாரம் இத்தகைய உறைகளோடு வெறுமையாக மூடி வைத்து, மரம் கடைத்தெருவிலும் கிடங்கிலும் ஏற்றுக்கொண்ட மிகை ஈரத்தை விடச் செய்வதே இங்குப் பதப்படுத்தல்.

வெப்பம் அடுத்த சிக்கல். ஈரத்தைவிடக் கடினமானதும் அதுவே. புகையிலை வண்டின் முட்டைகள் இலைக்குள்ளேயே வந்துசேரக்கூடும். குளிரில் அவை முடங்கிக் கிடக்கும். 22 பாகையைத் தாண்டிய வெப்பம் நீடிக்கும்போது பொரிக்கும் வாய்ப்பு வளர்கிறது. இந்நகரில் பெரும்பாலான இரவுகளும் அந்த எல்லைக்கு மேலேயே இருக்கின்றன. சுருட்டில் குண்டூசி முனையளவு துளையும் பெட்டியடியில் தூளும் கண்டால் அது வண்டின் வேலை. புதிதாக வாங்கியவற்றை இரட்டை உறையில் காற்றுப்புகாமல் கட்டி, ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும், நான்கைந்து நாள் உறைநிலைப் பகுதியிலும், மீண்டும் ஒரு நாள் கீழ்த்தட்டிலும் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே உறையைப் பிரிப்பது நல்ல காப்பு. படிப்படியாகச் செல்லாவிட்டால் மேலிலை வெடிக்கும். குளிர்ந்திருக்கும்போதே பிரித்தால் அறைக்காற்றின் நீராவி அதன்மேல் படியும். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டியோ, மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரணிலோ, சமையலறையிலோ வைக்காமல், வீட்டின் உட்புறத்தில் வெயில் எட்டாத அலமாரியின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். சுருட்டின்மேல் வெண்மையாகப் படர்வதை முதிர்ச்சியின் அடையாளமாகப் போற்றுவோர் உண்டு. இங்குள்ள காற்றில் அது பெரும்பாலும் பூஞ்சை என்றே கொள்வது அறிவுடைமை.

இறக்குமதி செய்த எண்களைக் கேள்வி கேட்பவர் மரபு வழக்கங்களை மட்டும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வதும் பிழை. ஏட்டுச்சுவடிகளைக் காக்க நம் முன்னோர் வசம்பும் வேப்பிலையும் இட்டனர், புல்தைலம் பூசினர், அடுப்புப் புகை எட்டும் பரணில் வைத்தனர். பனையோலைக்கு இவை நன்மை செய்தன. அதே வசம்பையோ கற்பூரத்தையோ சுருட்டுப் பெட்டியில் இட்டால், மணத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடைய புகையிலை சில நாள்களில் கற்பூரமாகவே மணக்கும். மரபறிவும் ஒரு பொருளுக்கும் ஒரு சூழலுக்கும் உரியது; பொருள் மாறினால் அதையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

சுவடிகளைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. கிழக்கேகோட்டையை ஒட்டிய கோட்டைப் பகுதியில் கேரள அரசின் மத்திய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒருகாலத்தில் நாயர் படையின் பாசறையாகவும் பின்னர்ச் சிறையாகவும் இருந்த கட்டடம் அது. 2022 டிசம்பர் முதல் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் இயங்குகிறது. பத்மநாபசுவாமி கோயில் தொடர்பான மதிலக ஆவணங்கள் ஓலைகளாகச் சுருணை சுருணையாகக் கட்டப்பட்டவை. சுருணையும் சுருட்டும் ஒரே வேரின் சொற்கள். காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கும் இயல்பும், வண்டுக்கும் பூஞ்சைக்கும் இரையாகும் அபாயமும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு இழப்பின் அளவில் இருக்கிறது. சுருட்டுக் கெட்டால் வேறொன்று வாங்கலாம். ஓலை உதிர்ந்தால் அதிலிருந்த நிலவரியும் வழக்கும் மொழிநடையும் உலகிலிருந்தே நீங்கிவிடுகின்றன.

ஆவணக் காப்பிலும் வழிகாட்டி எண்களின் கதை இதே போன்றது. 1978இல் வெளிவந்த காரி தாம்சனின் அருங்காட்சியகச் சூழல் பற்றிய நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. அதன்வழி 50 அல்லது 55 விழுக்காடு, ஐந்து கூடவோ குறையவோ, என்னும் அளவு ஒரு வேதவாக்காயிற்று. தாம்சன் பணியாற்றியது லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில். அவர் அந்த எண்களை எச்சரிக்கைகளோடுதான் தந்தார். படித்தவர்கள் எச்சரிக்கையை விட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டனர். 2014இல் காப்பாளர்களின் உலக அமைப்புகள், உள்ளூர்க் காலநிலையைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அறிவிக்க நேர்ந்தது. ஈரக்கரையில் உள்ள ஒரு நூலகம், நாள் முழுதும் ஓட்ட இயலாத குளிர்சாதனத்தைக் கொண்டு லண்டனின் எண்ணைத் துரத்தும்போது, பகலில் உலர்ந்து இரவில் நனையும் ஓலைகள் ஒரே நிலையில் சற்றுக் கூடுதல் ஈரத்தோடு இருப்பதைவிடக் கூடுதலாகத் துன்புறக்கூடும்.

இதற்கு மறுப்பு ஒன்று எழலாம். நூறாண்டு அனுபவத்தில் விளைந்த பொதுவிதிகளை ஒவ்வொருவரும் தத்தம் அறையில் திருத்த முற்பட்டால் குழப்பமே மிஞ்சும். தொடக்கநிலையினருக்கு ஒரே எளிய விதி வேண்டும் என்பது அது. நியாயமான மறுப்பு. எனினும் இங்கே முன்வைக்கப்படுவது விதியை மறுப்பதன்று. இலைக்கு வேண்டிய 65 விழுக்காடு லண்டனிலும் கிழக்கேகோட்டையிலும் 65தான். இலையின் இயல்பு ஊருக்கு ஊர் மாறாது. மாறுவது அந்த எண்ணை அடையும் வழி. ஓரிடத்தில் நீர் ஊற்ற வேண்டும். மற்றோரிடத்தில் நீரை எடுக்க வேண்டும். இலக்கையும் வழியையும் ஒன்றெனக் கருதுவதில்தான் பிழை பிறக்கிறது. இரண்டையும் பிரித்தறிய, சில நூறு ரூபாய் ஈரமானியும் ஒரு வார அட்டவணையும் போதும்.

இவ்வளவும் சுருட்டைப் பரிந்துரைப்பதாகாது. நன்கு பேணிய சுருட்டும் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். எந்தப் பெட்டியும் அத்தீங்கைக் குறைப்பதில்லை. பொது இடங்களில் புகைப்பதற்கு எதிராகக் கேரள உயர் நீதிமன்றம் 1999இலேயே தீர்ப்பளித்தது. 2003ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் நாடு முழுதும் அதைத் தடுக்கிறது. புகைப்பது என முடிவெடுத்துவிட்ட வயதுவந்த ஒருவர் தம் பொருளை வீணாக்காமல் காப்பதற்கே இக்குறிப்புகள் பயன்படும்.

ஆனால் ஆய்வு மாணவர்களுக்கு இச்சிறு பெட்டி வேறொரு வகையில் பயன்படலாம். சுவடிக் காப்பு, நூலகப் பராமரிப்பு, ஒலிநாடாச் சேமிப்பு என ஈரத்தோடு போராடும் துறை ஒவ்வொன்றிலும் நிதி கேட்டு எழுதப்படும் திட்ட முன்மொழிவுகள் கருவியின் விலையிலிருந்தே தொடங்குகின்றன. பொருள் வைக்கப்பட்டிருக்கும் அறையில் ஓராண்டு முழுதும் எடுத்த ஈரப்பத அளவுகள் அவற்றின் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டும். அந்தப் பக்கம் இல்லாத முன்மொழிவைத் திருப்பி அனுப்பும் துணிவு நிதி வழங்குவோருக்கு வேண்டும். அதுவரை, இருபது சுருட்டுக்காக ஈரமானி வாங்கிச் சோதித்து அட்டவணை போடும் ஒருவர், இருபதாயிரம் ஓலைக்காக அதைச் செய்யாத நிறுவனத்தைவிட நல்ல காப்பாளராகவே இருப்பார்.